பள்ளிச் சுவருக்கு அடுத்த வீடு, பள்ளியில் இடமில்லை: இங்கிலாந்துக்கு நடுவாண்டில் வருகிறவர்களுக்கு

கேள்வி, 7 ஜனவரி 2025

பிப்ரவரியில் குடும்பத்தோடு லண்டன் புறநகருக்கு வருகிறோம். பெண்ணுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. பையனுக்கு 6. ‘அவுட்ஸ்டாண்டிங்’ பட்டம் வாங்கிய அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துவிட்டால் இடம் உறுதி என்கிறார்கள். அந்தப் பகுதியில் வாடகை மாதம் 250 பவுண்ட் கூடுதல். பிள்ளைகளுக்காகத்தானே, எடுத்துவிடலாமா?

7 ஜனவரி, இரவு

எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம்.

2022 செப்டம்பரில் என் கணவர் முன்னால் வந்து வீடு பார்த்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளி மைதானம். நவம்பரில் பிள்ளைகளோடு நான் வந்து சேர்ந்தேன். இங்கே வகுப்பை ‘இயர்’ என்பார்கள்; பெரியவள் இயர் 4, சின்னவன் இயர் 1. இரண்டு வகுப்பிலும் இடமில்லை என்று பதில் வந்தது. காலை பத்தரைக்கு இடைவேளை மணி அடிக்கும். சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று பார்ப்பான். “அம்மா, அந்தச் சிவப்புத் தொப்பி இன்னைக்கும் விழுந்துட்டான்” என்பான். நாலு வாரம் இதுதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.

தூரத்தைப் பார்ப்பார்கள் என்பது பொய் இல்லை. ஆனால் அது செப்டம்பரில் புது வகுப்பு தொடங்கும்போது இருக்கிற இடங்களைப் பங்கு வைக்கும் கணக்கு. நடுவில் வருகிறவருக்கு, அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு நாற்காலி காலியா என்பதுதான் கேள்வி. காலி இல்லையென்றால் பள்ளிச் சுவரை ஒட்டிக் குடியிருந்தாலும் ஒன்றும் நடக்காது.

8 ஜனவரி

நேற்றுக் கோபத்தில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ரிசெப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம். தலைமையாசிரியர் மனசு வைத்தால் ஆகிற காரியம் அல்ல. இது தெரியாமல் அவர் பள்ளி அலுவலகத்தில் போய் நின்று எங்கள் வீட்டைக் கைகாட்டிக் கைகாட்டிப் பேசினார். அங்கிருந்த அம்மாள், “உங்கள் வீடு தெரியுமே, மழையிலும் துணி காயப்போடுகிறவர்கள்தானே” என்று சிரித்தாராம். இடம் மட்டும் இல்லை.

உங்கள் பையன் இயர் 1 அல்லது இயர் 2 ஆக இருப்பான். இரண்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பெண் இயர் 5. அவளுக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் வகுப்புக்கு இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். அது நிறைந்தால் அவளுக்கும் அதே பதில்தான்.

8 ஜனவரி, மாலை

யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நடுவாண்டுச் சேர்க்கையைச் சில ஊர்களில் கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) மொத்தமாகப் பார்க்கிறது. சில பள்ளிகள் தாங்களே வாங்குகின்றன. எந்தப் பள்ளி எப்படி என்பது கவுன்சிலின் இணையப் பக்கத்தில் இருக்கும். 10 நாளில் பதில் சொல்ல முயல வேண்டும், 15 நாளைத் தாண்டக் கூடாது என்பது விதி.

விமானம் ஏறும் முன்பே விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்களா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். மின்னஞ்சலில் கேளுங்கள். வீட்டு ஒப்பந்தம், கவுன்சில் வரி ரசீது இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

9 ஜனவரி

திருத்தம். நேற்று எழுதிய 10, 15 எல்லாம் பள்ளி நாட்கள். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. நீங்கள் வருகிற பிப்ரவரியில் நடுவில் ஒரு வாரம் ஹாஃப் டேர்ம் விடுமுறை. பல இடங்களில் 17 முதல் 21 வரை. மூன்று வாரம் என்பது நாலாகிவிடும்.

அப்புறம், பெண்ணின் பிறந்த தேதி என்ன? வருடத்தோடு சொல்லுங்கள். ஒரு சந்தேகம்.

10 ஜனவரி

2014 ஆகஸ்ட் 29-ஆ? அப்படியானால் முந்தாநாள் இயர் 5 என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள். அவள் இயர் 6.

இங்கே ஊரில் என்ன வகுப்பு படித்தாள், எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் கணக்கில்லை. செப்டம்பர் 1-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் நடுவில் பிறந்தவர்கள் ஒரு வகுப்பு, அவ்வளவுதான். மூன்று நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இயர் 5.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். இயர் 6 தான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம். வருகிற செப்டம்பரில் அவள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கான விண்ணப்பக் கெடு 2024 அக்டோபர் 31; முடிந்துவிட்டது. முடிவு மார்ச் 3 அன்று வரும் (வழக்கமாக மார்ச் 1, இந்த வருடம் அது சனிக்கிழமை). நீங்கள் தாமத விண்ணப்பம் போட வேண்டும். நேரத்தில் போட்டவர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதில்தான் முதல் சுற்றில் கிடைக்கும். அதாவது பெண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பள்ளி தேட வேண்டும். ஜூலை வரைக்கும் ஒன்று, செப்டம்பரிலிருந்து ஒன்று. மே மாதம் 12 முதல் 15 வரை சாட்ஸ் தேர்வு (இயர் 6 பிள்ளைகளுக்கு நாடு முழுக்க நடப்பது) வேறு. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது பிள்ளையை விடப் பள்ளிக்குத்தான் பரீட்சை.

கிராமர் ஸ்கூல் (தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி) ஆசை இருந்தால் அந்தத் தேர்வும் இயர் 6 தொடக்கத்தில், செப்டம்பரிலேயே முடிந்திருக்கும். தாமதமாக வந்தவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைக்கும் பள்ளிகளும் உண்டு. நாடு முழுக்க மொத்தமே 163 பள்ளிகள்.

10 ஜனவரி, இரவு

பையன் 2018 மே என்கிறீர்கள். இயர் 2. ஒரு பொறி இருக்கிறது, தூக்கம் கெட்டு எழுதுகிறேன். இன்ஃபன்ட் ஸ்கூல் என்று பெயர் இருந்தால் அது இயர் 2-வோடு முடிந்துவிடும். இயர் 3-க்கு ஜூனியர் ஸ்கூலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதன் கெடு ஜனவரி 15. பிரைமரி ஸ்கூல் என்றால் இயர் 6 வரை ஒரே பள்ளி. முடிந்தவரை பிரைமரி பாருங்கள். இன்ஃபன்ட்தான் கிடைக்கிறது என்றால் சேரும் அன்றைக்கே ஜூனியர் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நல்ல செய்தி: செப்டம்பரில் அவன் இயர் 3. அந்த 30 பேர் சட்டம் அவனை விட்டுவிடும்.

12 ஜனவரி

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நாங்கள் செய்யாமல் விட்டது ஒரு போன். பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டு, “இயர் 2-லும் இயர் 6-லும் இன்று இடம் இருக்கிறதா?” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பெயர்கூடக் கேட்பதில்லை. ‘நல்ல பள்ளியா?’ என்று முப்பது பேரிடம் கேட்டோம், இதைக் கேட்கவில்லை. கல்வித் துறையின் ‘கெட் இன்ஃபர்மேஷன் அபவுட் ஸ்கூல்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் மொத்தக் கொள்ளளவு எத்தனை, படிக்கிறவர்கள் எத்தனை என்று இருக்கும். வகுப்புவாரியாக இல்லை, ஆனால் எங்கே போன் செய்யலாம் என்று தெரியும். லண்டனின் உட்பகுதிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து சில ஆரம்பப் பள்ளிகளையே மூடியிருக்கிறார்கள். அங்கே இடம் கிடைப்பது சுலபம். வாடகைதான் கட்டுப்படியாகாது.

13 ஜனவரி

‘அவுட்ஸ்டாண்டிங்’ பற்றி. பள்ளிகளை ஆய்வு செய்து தரம் சொல்லும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அந்த ஒற்றைச் சொல் பட்டத்தை 2024 செப்டம்பரோடு நிறுத்திவிட்டது. நீங்கள் பார்ப்பது எல்லாம் பழைய பட்டம். எவ்வளவு பழையது என்று தேதியைப் பாருங்கள். 2012-லிருந்து 2020 வரை, அந்தப் பட்டம் வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு. எங்கள் ஜன்னல் பள்ளி வாங்கியது 2011-இல். அதைக் கொடுத்தபோது எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தப் பட்டத்துக்குத்தான் மாதாமாதம் கூடுதல் வாடகை கட்டினோம்.

16 ஜனவரி

கிறிஸ்தவப் பள்ளியில் நம்மைச் சேர்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். அரசு நிதியில் நடக்கும் பள்ளி என்றால், இடத்துக்குப் போட்டி இருக்கும்போதுதான் மத முன்னுரிமை. நாற்காலி காலியாக இருந்தால் மதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நாட்டுரிமை, விசா வகையைக் காட்டியும் அரசுப் பள்ளி மறுக்க முடியாது.

தனியார் பள்ளி பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி. எங்களுக்கு வரி இல்லாதபோதே எட்டவில்லை.

19 ஜனவரி

எங்கள் கதையில் பாக்கி. பதினான்காவது பள்ளி நாளில் கவுன்சில் கடிதம் வந்தது. பெரியவளுக்கு 1.6 மைல் கிழக்கே ஒரு பள்ளி. சின்னவனுக்கு 1.3 மைல் மேற்கே வேறொன்று. இலவச வாகனம் கேட்டேன். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 மைலைத் தாண்ட வேண்டும், அதற்கு மேல் 3 மைல். நாங்கள் எதையும் தாண்டவில்லை.

இரண்டு பள்ளிக்கும் கதவு 8:40-க்குத் திறந்து 8:50-க்கு மூடும். அவர் ஏழு மணி ரயிலுக்குப் போய்விடுவார். பெரியவளை 7:50-க்கு பிரேக்ஃபாஸ்ட் கிளப்பில் (பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) காசு கட்டி விட்டுவிட்டு, சின்னவனை ஸ்கூட்டரில் நிற்க வைத்து, கைப்பிடியில் என் சால்வையைக் கட்டி இழுத்துக்கொண்டு மேற்கே ஓடுவேன். மழை நாளில் சக்கரத்தில் இலை சிக்கும். நின்று குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். அதை அவன்தான் செய்ய வேண்டுமாம், நான் தொட்டால் அழுவான். 8:51-க்குப் போனால் அலுவலகம் வழியாகப் போய்த் தாமதப் புத்தகத்தில் கையெழுத்து. முதல் மாதம் அந்தப் பக்கம் முழுக்க என் கையெழுத்து.

கடிதத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று எழுதிவிடத் தோன்றியது. பக்கத்து வீட்டு அக்கா தடுத்தார். அது சரியான யோசனை. கொடுத்ததை வாங்கிக்கொண்டால் வெயிட்டிங் லிஸ்டும் போகாது, அப்பீல் உரிமையும் போகாது. வேண்டாம் என்றால் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

21 ஜனவரி

வெயிட்டிங் லிஸ்ட் வரிசை பற்றிக் கேட்டீர்கள். முதலில் போட்டவருக்கு முதலில். சின்னவன் மூன்றாவது இடத்தில் இருந்தான்.

22 ஜனவரி

மேலே எழுதியது தவறு. அவரே படித்துவிட்டுத் திட்டினார். யார் முன்னால் பெயர் கொடுத்தார் என்பதைப் பார்க்கவே கூடாது என்பது விதி. புதிதாக ஒரு பெயர் சேரும் ஒவ்வொரு முறையும் பட்டியலை மறுபடி அடுக்குவார்கள்: கவுன்சில் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், அண்ணன் அக்கா படிக்கிறவர்கள், பிறகு தூரம் என்று அந்தந்தப் பள்ளியின் வரிசைப்படி. மூன்றாவது இடத்தில் இருந்த சின்னவன் பிப்ரவரியில் ஐந்தாவதுக்குப் போனான். போன் செய்து “வரிசை பின்னால் போகுமா?” என்று நான் கத்தியது நினைவிருக்கிறது. போகும்.

அப்படியென்றால் நான் முதல் நாள் எழுதிய ‘எடுக்காதீர்கள்’ பாதி தவறு. வெயிட்டிங் லிஸ்டில் தூரம் மறுபடி வேலை செய்கிறது. உங்கள் பெண்ணின் மேல்நிலைப் பள்ளிக்கு இது முக்கியம். தாமத விண்ணப்பம் என்ற குறை முதல் சுற்றில்தான். மார்ச் 3-க்குப் பிறகு வெயிட்டிங் லிஸ்டில் நீங்கள் எப்போது போட்டீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் குடியிருந்தால் முன்னால் போவீர்கள். அந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். ஆகையால் வீட்டை ஆரம்பப் பள்ளியைப் பார்த்து எடுக்காதீர்கள், மேல்நிலைப் பள்ளியைப் பார்த்து எடுங்கள். பையனுக்கு அந்தச் சுற்றுவட்டத்தில் எங்கே நாற்காலி காலியோ அங்கே.

இரண்டு வாரத்தில் கருத்தை மாற்றிக்கொண்டதற்கு மன்னிக்கவும். உங்கள் பெண் மூன்று நாள் முன்னால் பிறந்ததுதான் காரணம்.

26 ஜனவரி

அப்பீல். மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாள் அவகாசம் தர வேண்டும். நடுவாண்டு அப்பீலை, போட்டதிலிருந்து 30 பள்ளி நாளுக்குள் விசாரிக்க வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர், பள்ளிக்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தம் இல்லாதவர்கள். நாங்கள் இரண்டு பேருக்கும் போட்டோம், வீடியோவில் நடந்தது.

சின்னவனுடையது பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. 30 பேர் சட்டம் உள்ள வகுப்பில், விதியைத் தவறாகக் கையாண்டார்களா, முடிவு நியாயத்துக்கு முழுக்கப் புறம்பானதா என்ற அளவில்தான் பார்ப்பார்கள். ஓட்டம், மழை, ஸ்கூட்டர் எதுவும் செல்லாது. நடுவாண்டில் புதிதாகக் குடிவந்த பிள்ளைக்கு நியாயமான தூரத்தில் வேறு பள்ளியே இல்லையென்றால் 31-ஆவது பிள்ளையாகச் சேர்க்கச் சட்டத்திலேயே வழி உண்டு. எங்களுக்கு வேறு பள்ளி இருந்ததால் அதுவும் இல்லை.

பெரியவளுடையது வேறு மாதிரி. இயர் 4-க்கு அந்தச் சட்டம் இல்லாததால், பள்ளிக்கு வரும் சிரமம் பெரிதா பிள்ளைக்கு வரும் நன்மை பெரிதா என்று எடை போட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கத்தை யாரும் கேட்கவில்லை. குழுவில் ஒரு பெரியவர் பள்ளித் தரப்பிடம், “போன வருடம் இதே வகுப்பில் எத்தனை பேர்?” என்றார். 31. “அப்போது என்ன சிரமம் வந்தது?” சிறிது நேரம் சத்தமே இல்லை. நான் இணையம் போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டினேன். நாலு நாளில் கடிதம்: இடம் கொடுத்தாகிவிட்டது.

2 பிப்ரவரி

ஒருவேளை எங்குமே இடமில்லை என்று பிள்ளை நாலு வாரத்துக்கு மேல் பள்ளி இல்லாமல் இருந்தால், ‘ஃபேர் ஆக்சஸ் புரோட்டோகால்’ என்று கவுன்சிலிடம் சொல்லிக் கேளுங்கள். நியாயமான தூரத்தில் இடமே இல்லை என்று தெரிந்தால் நிறைந்த பள்ளியிலும் இடம் ஒதுக்க அதில் வழி உண்டு. அந்தப் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் குரல் மாறும்.

4 மார்ச்

நேற்றுப் பெரியவளின் மேல்நிலைப் பள்ளி முடிவு வந்தது. மூன்றாவது விருப்பம். வருத்தம்தான், அழவில்லை. ஒரே பள்ளியை மட்டும் எழுதினால் அதையே கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் அடித்துச் சொன்னார், அப்படியே செய்தார். எந்தப் பள்ளியும் நீங்கள் அதை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை. தகுதி பெறும் பள்ளிகளில் எது மேலே இருக்கிறதோ அதைக் கவுன்சில் கொடுக்கும். அவருக்குக் கிடைத்தது, வேறு யாரும் கேட்காமல் மிஞ்சிய பள்ளி.

9 மார்ச்

பையன் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். எங்கள் சின்னவன் ஆறு வாரம் பேசவில்லை. வகுப்பில் புரியவில்லை என்று கீழ் வகுப்பில் போட மாட்டார்கள், வயதுதான். சின்னவன் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வேறு மொழிக்காரர்கள். புதிதாக வந்தவர்களைக் கவனிக்கவே ஓர் ஆசிரியை உண்டு. படம் ஒட்டிய அட்டைக்கட்டு ஒன்றை அவன் கழுத்தில் மாட்டியிருந்தார். தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது. ஏழாவது வாரம் அட்டையைக் கழற்றி அவரிடமே நீட்டி, “நோ நீட்” என்றானாம்.

பெரியவளின் ஜன்னல் பள்ளியில் அப்படி யாரும் இல்லை. அவளுக்கு ஆங்கிலம் ஓரளவு வந்ததால் தப்பித்தாள்.

30 ஏப்ரல்

தங்கை கல்யாணத்துக்கு ஜூனில் இரண்டு வாரம் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கிடைத்த கையோடு அடுத்த கேள்வி! அனுமதி இல்லாமல் போனால் ஒரு பிள்ளைக்கு, பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பேர், 320-இல் தொடங்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அத்தை பையன் கல்யாணத்துக்கு எங்களுக்கு மறுத்தார்கள். அவர் மட்டும் போய் வந்தார். எனக்கு இன்னும் அந்த வீட்டில் பேச்சு உண்டு.

18 ஜூலை

பெண்ணுக்கு வெயிட்டிங் லிஸ்டிலிருந்து இடம் வந்த செய்தி பார்த்தேன். பதினோராவதாக இருந்து, நல்ல வேளை. கோடைக்குள் இன்னும் பலர் நகர்வார்கள் என்று நீங்கள் காத்திருந்தது சரிதான்.

21 நவம்பர்

சின்னவன் என்ன ஆனான் என்று ஒருவர் கேட்டிருந்தார். 2023-லேயே சொல்லியிருக்க வேண்டிய கதை. அக்கா ஜன்னல் பள்ளியில் சேர்ந்ததும், அக்கா படிக்கிறாள் என்ற முன்னுரிமையில் அவன் ஐந்தாவதிலிருந்து முதலாவதுக்கு வந்தான். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் ஒரு குடும்பம் ஊர் மாறியது, போன் வந்தது. பதில் சொல்ல இரண்டு நாள். அவனிடம் சொன்னால் துள்ளுவான் என்று நினைத்தோம். அந்தச் சிவப்புத் தொப்பியோடு விளையாடலாமே என்றோம். “அவனை எனக்குத் தெரியாதே” என்றான். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். வேண்டாம் என்று எழுதிவிட்டோம். பைத்தியமா என்று கேட்காதவர்கள் இல்லை. அக்கா மாறிய பிறகு கிழக்கே யாரும் போகவில்லை என்பது மட்டும் மிச்சம். மேற்கே ஓட்டம் நிற்கவில்லை.

அவன் இப்போது அதே பள்ளியில் இயர் 4. இந்த மாதத்திலிருந்து ஆஃப்ஸ்டெட் பட்டத்துக்குப் பதிலாக ரிப்போர்ட் கார்டு கொடுக்கத் தொடங்கியிருக்கிறது, பாடத்திட்டம், வருகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தரம். அவன் பள்ளிக்கு என்ன வரும் என்று பார்க்க ஆவல்தான்.

வீட்டு ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. பெரியவள் பஸ்ஸில் போய்க்கொள்வாள். மேற்கே, சின்னவன் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 200 பவுண்ட் குறைவு. இந்த முறை சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் ஷெட்தான்.